வில்லைச் சும்மா விடக்கூடாது

என் கணவர் கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். ஒவ்வொரு விடுமுறைக்கும் யாருக்குமே தேவைப்படாத ஒரு பொருளோடு ஊருக்கு வருவது அவருடைய வழக்கம். ஒரு முறை கம்பளத்தில் தூசி உறிஞ்சும் இயந்திரம் வந்தது. எங்கள் வீட்டில் கம்பளம் இல்லை, கடற்கரை மணல்தான் இருக்கிறது. இன்னொரு முறை மின்சாரத்தில் சாம்பிராணி புகைக்கும் பாத்திரம் வந்தது. அதைப் போட்டால் வீட்டில் மற்ற எல்லாம் அணைந்துவிடும். அபாயாக்களும் வரும், எல்லாம் ஒரு சாண் நீளம் கூட. கல்யாணம் முடித்து இவ்வளவு காலமாகியும் என் உயரம் அவர் மனதில் நிற்கவில்லை. நான்தான் வெட்டி, மடித்துத் தைத்துக்கொள்வேன். அந்த வரிசையில் ஒரு வில்லும் ஒரு கட்டு அம்பும் வந்து சேர்ந்தன.

சாதாரண வில் அல்ல, கொம்பவுண்ட் வில். இரண்டு முனையிலும் கிணற்றுக் கப்பிபோல உருளைகள். அவற்றுக்கிடையே நாணும் கேபிள்களும் குறுக்கும் மறுக்குமாக ஓடும். இழுக்கத் தொடங்கும்போது கல்லாகக் கனக்கும். முழுதாக இழுத்து முடித்தால் பாரத்தைக் கப்பிகள் வாங்கிக்கொள்ளும், கை லேசாகிவிடும். இதை எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். அம்பெய்வது சுன்னத், நபிவழி என்றார். சுபஹுத் தொழுகைக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற மனிதருக்கு இந்தச் சுன்னத் மட்டும் எப்படியோ நினைவில் நின்றிருக்கிறது.

என் உம்மாவுக்கு அது வீட்டுக்குள் வந்ததே பிடிக்கவில்லை. வீடு வீடாகச் சோதனை நடந்து, தேங்காய் வெட்டும் கத்திக்குக்கூட விளக்கம் சொல்ல வேண்டியிருந்த ஒரு காலத்தை எங்கள் ஊர் கண்டிருக்கிறது. உம்மா இன்றைக்கும் அந்தக் கத்தியை மாப்பெட்டிக்குப் பின்னால்தான் வைக்கிறார். அனுமதி எல்லாம் எடுத்துத்தான் கொண்டுவந்தேன் என்று என் கணவர் ஒரு தாளைக் காட்டினார். உம்மா தாளைப் பார்க்கவில்லை, வில்லைத்தான் பார்த்தார். என் கணவர் அதை மண்டபத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கிடைப்பது. மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். ஆகவே வீடு என்னுடையது, சுவரும் என்னுடையது. ஆணியும் வில்லும் அவருடையவை.

கல்முனையில் ஒரு வீட்டுக்குப் புதுச்சாமான் வந்தால் அது ஊரின் பொதுச்சொத்து. வந்து பார்க்க வேண்டும், தொட வேண்டும், குறை சொல்ல வேண்டும். என் கணவரின் கூட்டாளிகள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் பஸாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஹாஜியார். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். முதலில் மார்க்கப் பிரச்சினை கிளம்பியது. சுன்னத்து மரவில்லுக்குத்தானே, கப்பி வைத்த வில்லுக்கும் நன்மை உண்டா என்று ஒருவர் கேட்டார். கப்பி பாதிப் பாரத்தைத் தூக்கினால் நன்மையும் பாதிதான் என்று இன்னொருவர் தீர்ப்புச் சொன்னார். நான் உள்ளே தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டேன். அதற்கு யாரும் நன்மை கணக்குப் பார்க்கவில்லை.

ஹாஜியார் வில்லை எடுத்தார். என் கணவர் அதை முழுப் பலத்துக்கும் இறுக்கி வைத்திருந்தார், அவராலேயே ஒழுங்காக இழுக்க முடியாத அளவுக்கு. ஹாஜியார் முகம் சிவக்க, மூச்சைப் பிடித்து இழுத்தார். அம்பு வைக்கவில்லை. விட்டார். வீட்டுக்குள் ஓடு விழுந்தது போல ஒரு சத்தம். உம்மா கலிமாச் சொல்லிக்கொண்டு குசினியிலிருந்து ஓடிவந்தார். நாண் கப்பியை விட்டுக் கழன்று, கேபிள்கள் தொங்கின.

"சும்மா ஒருக்கா உட்டுப் பாத்தன்," என்றார் ஹாஜியார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். பிறகு அப்படியே தூக்கி ஆணியில் மாட்டினார்.

இந்தச் 'சும்மா' இல்லாவிட்டால் எங்கள் ஊரில் யாரும் வாய் திறக்க முடியாது. கடன் கேட்க வருபவர் சும்மாதான் வந்தேன் என்பார். மாப்பிள்ளை வீட்டார், சும்மா ஒரு சின்ன வீடும் வளவும் போதும் என்பார்கள். அதைக் கட்டி முடிக்கப் பெண்ணைப் பெற்ற வாப்பாவின் ஆயுள் போய்விடும். உங்கள் மனைவி என்ன செய்கிறா என்று யாராவது கேட்டால் என் கணவர், ஊட்டுல சும்மாதான் இரிக்கா என்பார். சும்மா இருக்கிற நான் உம்மாவின் மருந்தைப் பார்க்கிறேன், பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்குகிறேன், ஊருக்கு வெளியே வட்டையில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று செய்கைக்காரரோடு மல்லுக்கட்டுகிறேன், கட்டாரிலிருந்து வரும் காசில் கூரையும் திருத்தி மிச்சமும் பிடிக்கிறேன். இதெல்லாம் போகச் சும்மா இருக்கிறேன்.

விடுமுறை முடிந்து புறப்படும்போது வாசலில் நின்று சொன்னார். "நீ சும்மாதானே இரிக்காய். இடைக்கிடை அந்த வில்லத் தூசி தட்டு."

தட்டினேன். தட்டத் தட்ட எரிச்சல்தான் வந்தது. என் வாப்பா மருதமுனையில் தறி வைத்திருந்தவர். நான் பாவு நூலுக்கு நடுவில் வளர்ந்தவள். ஒரு நூல் தொய்ந்து கிடந்தால் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. கழன்ற நாணோடு அது சுவரில் தொங்குவது, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஒருநாள் ழுஹர் தொழுகைக்குப் பிறகு போனில் தேடினேன். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் தன் கராஜுக்குள் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு அவர் நிதானமாகவே பேசினார். முதலாவதாக அவர் சொன்னது இதுதான்: அம்பு இல்லாமல் நாணை விடாதே. அம்பு இருந்தால் வில்லின் பலம் அம்போடு போய்விடும். அம்பு இல்லாவிட்டால் அந்தப் பலத்துக்குப் போக இடமில்லை. திரும்பி வந்து வில்லையே உடைக்கும்.

வீடியோவை நிறுத்திவிட்டு எழுந்து போய் அரிசி களைந்தேன். அரிசி களைந்து முடிந்ததும் திரும்ப வந்து மிச்சத்தையும் பார்த்தேன்.

பிடிக்கு மேலும் கீழும் வளைகிற தண்டுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பையும் பஞ்சு காட்டும்; தண்டில் பஞ்சைத் தடவிக்கொண்டு போனால் வெடித்த இடத்தில் பஞ்சு சிக்கும். தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுத்துத் தடவினேன். எங்கும் சிக்கவில்லை. ஹாஜியாரின் கைக்கும் தப்பிய வில் என்று அன்றைக்கே அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

நாணைத் திரும்பக் கப்பியில் ஏற்ற வேண்டுமானால் இரண்டு தண்டுகளையும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பிடிக்கும் சட்டம் ஒன்று வேண்டும். போனில் இருந்த படத்தோடு வெல்டிங் கடைக்குப் போனேன். யன்னல் கம்பியையும் திருகாணியையும் வைத்துச் செய்து தரலாம் என்றார் கடைக்காரர். மச்சான் கட்டாரிலிருந்து கேட்டு அனுப்பினாரா என்றும் கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "மச்சானுக்குப் பாரமா வேணுமா, லேசா வேணுமா எண்டு கேட்டுச் சொல்லுங்க தங்கச்சி," என்றார். பாரமாக வேண்டுமாம் என்று மச்சான் சார்பில் நானே சொன்னேன்.

நாணை ஏற்றிய பிறகு தண்டுகளின் அடியில் உள்ள திருகாணிகளை அலன் கீயால் தளர்த்தினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கப்பி முந்தும், மற்றது பிந்தும். என்னால் இழுக்க முடிகிற அளவுக்குப் பலத்தை இறக்கினேன். கப்பியில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அதை நகர்த்தினால் வில் அவரவர் கை நீளத்துக்கு வந்துவிடும். நகர்த்தினேன். நாணுக்கு நடுவில் கண் வைத்துப் பார்க்கும் வளையத்தை என் கண்ணுக்கு நேராக இறக்கிக் கட்டினேன். இழுத்துப் பார்த்தபோது எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றன. கட்டாரிலிருந்து வந்த பொருள்களில் எனக்கு அளவாக இருந்தது அதுதான். அதையும் நானே வெட்டித் தைக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு கெட்டிக்காரத்தனத்துக்கும் சேர்த்து ஒரு மடத்தனம் செய்தேன். நாண் காய்ந்து, நூல் பிசிறு எழும்பியிருந்தது. அதற்கு மெழுகு தடவச் சொன்னார் தாடிக்காரர். நூலைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாரா என்று எனக்குக் கர்வம். பிசிறு எழும்பிய நூலுக்கு மருதமுனையில் என்ன செய்வார்கள்? கஞ்சி போடுவார்கள். சோற்றுக் கஞ்சியை வடித்து, தண்ணீர் விட்டு இளக்கி, தூரிகையால் நாணுக்கும் கேபிளுக்கும் பூசி, வெயிலில் காயவைத்தேன். காய்ந்ததும் மொடமொடவென்று அழகாக நின்றது. முதல் அம்பை விட்டபோது கஞ்சி முழுவதும் பொடியாகப் பறந்து என் முகத்தில் அப்பியது. உம்மா என்னைப் பார்த்துவிட்டு, மா இடித்தியா என்று கேட்டார். மறுநாள் காலையில் ஆணியிலிருந்து நாண் வரை எறும்பு வரிசை. அதற்கடுத்து எலி வந்து, நாணின் நடுவில் சுற்றியிருந்த நூலைக் கறம்பிவிட்டது. மெழுகு தடவிய வில்லை உலகத்தில் எந்த எலியும் தேடி வந்திருக்காது. மருதமுனைக்காரி கஞ்சி போட்ட வில்லைத்தான் அது தேடி வந்தது.

நல்ல காலம், நாணுக்குள் பல் இறங்கவில்லை. சாய்ந்தமருதில் மீன்பிடிச் சாமான் கடையில் பின்னல் நூல் வாங்கி, கறம்பிய இடத்தைத் திரும்ப இறுக்கிச் சுற்றினேன். நாட்டுமருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கி, விரலால் தேய்த்துச் சூடாக்கி உள்ளே இறக்கினேன். தாடிக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டேன்.

பின்வளவில் மதிலுக்கு முன்னால் உரப் பை ஒன்றைத் தையற்கடைக் கழிவுத் துணியால் இறுக அடைத்து நிறுத்தினேன். அதுதான் இலக்கு. அம்பு நேராகப் பறக்கிறதா என்று அறிய நடுவில் ஒரு சட்டத்தில் தாளை விரித்து, தாளுக்குள்ளால் எய்ய வேண்டும். கிழிசலைப் பார்த்தால் அம்பின் வால் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று தெரியும். பத்திரிகைத் தாளில் எங்காவது இறைவன் பெயர் இருக்கும், அதைத் துளைக்க மனம் வராது. ஆனால் போன தேர்தலில் மதிலில் ஒட்டாமல் மிஞ்சிய சுவரொட்டிகள் ஒரு கட்டு இருந்தது. நல்ல தடித்த தாள். சிரித்துக்கொண்டு கைகூப்பி நின்ற வேட்பாளரை விரித்து எய்தேன். அவருடைய மூக்கிலிருந்து நெற்றிவரை கிழிந்தது. வால் உயர்ந்து போகிறது என்று அர்த்தம். அம்பு தங்கும் தாங்கியைக் கொஞ்சம் உயர்த்தினேன். அடுத்தது மூக்கிலிருந்து காதுப்பக்கம் கிழிந்தது. தாங்கியைப் பக்கவாட்டில் மயிரிழை நகர்த்தினேன். அப்படி அவரை ஒரு கட்டாகக் கிழித்துத் தள்ளிய பிறகு, ஒருநாள் மூக்கில் ஒரே ஒரு சுத்தமான துளை விழுந்தது. அந்த மனிதரால் இந்த ஊருக்குக் கிடைத்த நன்மை எனக்குத் தெரிந்து அதுதான்.

அதன் பிறகு தினமும் மாலையில் அஸர் தொழுகைக்குப் பின் எய்வேன். சொல்லத்தான் வேண்டும், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இழுத்து, பாரம் கப்பிக்கு மாறி, கை லேசாகி, வளையத்துக்குள் இலக்கு வந்து நிற்கிற அந்த நேரத்தில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கேட்பதில்லை. உம்மா முதலில் முணுமுணுத்தார். பிறகு வாசற்கதவைப் பூட்டிவிட்டு வந்து கதிரையில் இருந்து பார்த்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை கணவர் போனில் சொன்னார். ஹாஜியாருக்கு வில்லில் ஆசை இருக்கிறதாம். இந்த முறை வரும்போது அவருக்குக் கொடுத்துவிடலாமாம். சுவரில் சும்மாதானே தொங்குகிறது.

என்னுடையது என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் என்னுடையது இல்லையே. அவர் உழைப்பில் வாங்கியது, அவர் அடித்த ஆணி. நான் தூசி தட்டச் சொல்லப்பட்டவள். வந்த பிறகு கதைப்போம் என்றேன். அதற்குப் பிறகு வந்த நாள்களில் எய்த அம்பெல்லாம் ஹாஜியாரை நினைத்துத்தான் எய்தேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். இலக்குத் தவறவில்லை.

வந்தார். பெருநாளுக்கு அடுத்த நாள் ஹாஜியாரும் கூட்டாளிகளும் வந்தார்கள். வட்டிலப்பம் தின்றுவிட்டு எல்லோரும் பின்வளவுக்குப் போனார்கள். பையும் சட்டமும் எப்படி அங்கே வந்தன என்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் தானாக முளைத்தது என்று நினைத்திருப்பார்கள். ஹாஜியார் வில்லை வாங்கியதும் பழையபடி வெறும் நாணை இழுக்கக் கை வைத்தார். நான் கதவடியில் நின்றேன்.

"சும்மா உடாதீங்க. அம்பு வெச்சி இழுங்க," என்றேன்.

ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கச்சிக்கு வில்லும் தெரியுமா என்று ஹாஜியார் சிரித்தார். என் கணவருக்கு வெட்கம்.

"அவ ஊட்டுல சும்மா இரிக்கிறவதானே. போன்ல என்னத்தையாவது பாத்திருப்பா," என்றார்.

ஹாஜியார் அம்பை வைத்து இழுத்தார். வில் என் அளவுக்கு நின்றுவிட்டது; அவருடைய நீண்ட கை பாதியில் மடிந்து, முழங்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறியது. வளையம் அவர் மூக்குக்குக் கீழே வந்தது. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கடைசியில் எதையும் பார்க்காமல் விட்டார். அம்பு பைக்கு மேலால் போய் மதிலில் மோதி முறிந்தது. வில் கோணல் என்றார் ஹாஜியார். கணவர் என்னிடம் திரும்பி, இதில் கை வைத்தியா என்று கேட்டார். ஓம் என்றேன்.

பிறகு நான் நடந்துபோய் ஹாஜியார் கையிலிருந்து வில்லை வாங்கினேன். அம்பை மாட்டி இழுத்தேன். அம்பு பையின் நடுவில் இறங்கியது. இரண்டாவதையும் எய்தேன், அது முதலாவதின் பக்கத்தில் போய் நின்றது. பல்லுக்குள் சிக்கிய எதையோ ஹாஜியார் நாக்கால் தேடிக்கொண்டிருந்தார்.

"இது பொம்புள வில்லு. ஆம்புளைக்குச் சரிவராது," என்றார் பிறகு.

அதைத்தானே நானும் சொன்னேன் என்றார் என் கணவர். எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஹாஜியாருக்கு வில் வேண்டாமாம். மிச்ச வட்டிலப்பத்தைப் பார்சல் கட்டிக் கொடுத்தேன், அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு நான் அம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் என் கணவர் வளவின் நடுவில் வில்லை முழுதாக இழுத்தபடி நிற்கிறார். அம்பு இல்லை. இழுத்த பிறகுதான் அவருக்கு என் சொல் நினைவு வந்திருக்க வேண்டும். இழுத்துப் பிடிக்க லேசுதான். ஆனால் ஒரு விரல் அளவு முன்னுக்கு விட்டாலும் பாரம் முழுவதும் திரும்பி வந்து கையைப் பிடுங்கும், அது தெரிந்து அசையாமல் நின்றார்.

"புள்ள, இப்ப இத என்ன செய்ற?"

"உட்டா ஒடஞ்சிடும். புடிச்சிக்கிட்டு இரிங்க."

"கை நடுங்குது."

"நான் ஊட்டுல எப்பிடி இரிக்கன் எண்டு உங்கட கூட்டாளிக்குச் சொன்னீங்களே. அத இன்னொருக்காச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அம்பு நுனியில் ஒட்டிய நூலை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா..." என்றார். பிறகு, "இல்ல. சும்மா இல்ல."

"அப்ப என்ன செய்றன்?"

நெற்றியில் வியர்வை இறங்கியது. யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது.

"எனக்குத் தெரியா," என்றார்.

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பொய் சொல்லவில்லையே என்று ஆறுதலாகவும் இருந்தது. அவருக்குப் பின்னால் போய் நின்று, அவர் விரல்களுக்குப் பக்கத்தில் என் விரல்களை நாணில் மாட்டினேன். மெதுவாக முன்னுக்கு விடுங்கள் என்றேன். வில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தது, இருவரும் ஓரடி முன்னால் போனோம். நாண் சத்தமில்லாமல் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் கையை உதறிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தார். வாசலில் நின்று, "தேத்தண்ணி ஒண்டு..." என்று தொடங்கினார். வழக்கமாக அது 'ஊத்து' என்று முடியும். அன்றைக்கு, "ஊத்தட்டா?" என்று முடிந்தது.

சீனி எங்கே இருக்கிறது என்று உம்மாவிடம் கேட்டுத்தான் போட்டார், அதுவும் கூடிப்போய்விட்டது. நான் கதிரையில் சும்மா இருந்து குடித்தேன்.